ஜெர்மனியிலிருந்து வந்த மகளும் சலவைக்குப் போன கோட்டும்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பத்தாம் வகுப்பு முடித்ததும் ரோட்டரி மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி போய், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு வருடம் படித்துவிட்டு ஜூலை கடைசியில் திரும்பினாள். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுகிற டியூஷனுக்கும் போகிறாள். ஆனால் மூன்று மாதமாக வீட்டில் எங்களோடோ அப்பத்தாவோடோ, யாரோடும் ஒட்டவில்லை. எதைச் சொன்னாலும் “அங்கேயெல்லாம்...” என்று ஆரம்பிக்கிறாள். ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ராத்திரி 12 மணிக்கு மேல் போனில் ஜெர்மன் பேசுகிறாள். தீபாவளி வருகிறதே என்று போன வாரம் அவளுடைய ரோட்டரி கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். அதில் குத்தியிருந்த பின்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அதற்கு அன்று முழுக்க அழுதாள். என் கணவர் “இக்கரைக்கு அக்கரை பச்சை, தானாகச் சரியாகிவிடும்” என்கிறார். ஒரு வருடம் வீணாய்ப் போனது என்ற வருத்தமும் அவருக்கு உண்டு. இவள் அங்கே இருந்தபோது பிரேசில் நாட்டுப் பெண் ஒருத்தி நாலு மாதம் எங்கள் வீட்டில், இவள் ரூமில்தான் தங்கினாள். அவளே இவளைவிட நன்றாக ஒட்டிக்கொண்டாள். இது மனநோயின் ஆரம்பமா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? இன்னொன்று, அந்த ஜெர்மன் வீட்டு அம்மாவை இவள் “மாமா” என்று கூப்பிடுகிறாள்.
— பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. சாப்பாடும் பள்ளிக்கூடமும் ஒழுங்காக நடக்கின்றன. கோபம் வந்தால் காட்டுகிறாள், அழுகை வந்தால் அழுகிறாள். இவையெல்லாம் நல்ல அறிகுறிகள். எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போக வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

வெளிநாடு போகிறவர்களுக்கு அங்கே போனதும் வருகிற தடுமாற்றம் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்த பிறகு சொந்த ஊரிலேயே வருகிற தடுமாற்றத்துக்கும் ஒரு பெயர் உண்டு, ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய் வந்த தன் நாட்டுக்காரர்களை விசாரித்து, அவர்கள் மனம் போன போக்கை ஆங்கில ‘யு’ எழுத்துக்கு ஒப்பிட்டார். முதலில் உற்சாகம், நடுவில் பள்ளம், அப்புறம் மேட்டில் ஏறுவது. 1963இல் கல்லஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதி அதோடு இன்னொரு ‘யு’வை ஒட்டி ‘டபிள்யூ’ ஆக்கினார்கள். இரண்டாவது பள்ளம் ஊர் திரும்பிய பிறகு வருவது. எழுத்தை வரைந்து வைத்த மாதிரி யாரும் வாழ்வதில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தப் படத்தைக் குறை சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கும் அதன் மேல் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அந்த இரண்டாவது பள்ளத்தில் நிற்கிற பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் ஆலோசனை அறையில் பார்க்கிறேன். ஆகஸ்டில் யாரும் வருவதில்லை. சாக்லேட்டெல்லாம் பங்கு போட்டு முடிந்து, சொந்தக்காரர்கள் விசாரிப்பதும் ஓய்ந்து, அக்டோபர் நவம்பரில்தான் வருவார்கள். உங்கள் கடிதமும் அந்தக் கணக்கில்தான் வந்திருக்கிறது.

அவள் போவதற்கு முன்பு நீங்கள் எவ்வளவு செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விசா, கம்பளி உடை, பருப்புப்பொடி, அங்கே குளிர் எவ்வளவு, பேச்சு எப்படி என்று ஆறு மாதம் அதே வேலையாக இருந்திருப்பீர்கள். திரும்பி வருவதற்கு? ஏர்போர்ட்டுக்கு வண்டி, வீட்டில் பாயசம். உங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வருவதற்கு யார்தான் தயார் செய்வார்கள்?

இப்போது அந்தப் பிரேசில் பெண். அவள் நன்றாக ஒட்டிக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி ஒட்டினாள்? அவள் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டிருந்தால் வீடே சிரித்திருக்கும். கதவைச் சாத்தியிருந்தால் “அவங்க ஊர்ப் பழக்கம் போல” என்று விட்டிருப்பீர்கள். சாயங்காலம் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் “பாவம், வீட்டு ஞாபகம்” என்று அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அவள் செய்த எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு மன்னிப்பு தயாராக இருந்தது. உங்கள் மகள் அதையே செய்தால் அது திமிர் ஆகிவிடுகிறது. ஏனென்றால் அவள் நம் பிள்ளை, தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த விருந்தாளிப் பெண்ணுக்குக் கொடுத்த அந்த நாலு மாதத்தில் ஒரு பங்கு. இன்னொன்றையும் கவனியுங்கள், அவள் திரும்பி வந்தது வேறொருத்தி படுத்து எழுந்த ரூமுக்கு. சாமான்கள் இடம் மாறியிருக்கும். யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசியிருக்க மாட்டீர்கள்.

சரி, அவள் எதைத்தான் இழந்துவிட்டு வந்திருக்கிறாள்? ரொட்டியும் பனியும் சின்ன விஷயம். என் கணிப்பில் அவள் இழந்தது வேலையை. அங்கே அவள் ஒரு முக்கியமான ஆள்.

கொஞ்சம் விளக்குகிறேன். ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியா பகுதியில் கேர்வோஹே என்று ஒரு பழக்கம் உண்டு. ‘பெருக்கும் வாரம்’ என்று பொருள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி, வாசல், நடைபாதை எல்லாவற்றையும் வாரம் ஒரு வீடு முறை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். முடித்ததும் அதை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். மற்ற ஜெர்மானியர்களே இதை வைத்து ஸ்வாபியர்களைக் கேலி செய்வார்கள். உங்கள் மகள் அப்படி ஒரு குடியிருப்பில் இருந்தாளா என்று எனக்குத் தெரியாது, கேட்டுப் பாருங்கள். பலகை இல்லாவிட்டாலும் அவளுக்கென்று ஏதோ ஒரு முறை இருந்திருக்கும். குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், மக்குவது என்று பிரித்துப் போடுவது, பாத்திரம் அடுக்குவது, காலையில் தானே எழுந்து சரியான ரயிலைப் பிடிப்பது. தப்பு செய்தால் அவளேதான் சமாளிக்க வேண்டும். புரியாத பாஷையில், 16 வயதில், ஒரு வருடம் இப்படிச் சமாளித்தவள்.

இங்கே? ஒரு டம்ளர் கூட எடுத்து வைக்க விட மாட்டோம். ஒன்றரை கிலோமீட்டர் டியூஷனுக்கு அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பப் போய் அழைத்து வருவார். அன்பினால்தான். ஆனால் அவளுக்கு அது பதவி இறக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன் என்னிடம் வந்தான். வந்த முதல் வாரம் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்திருக்கிறான். அத்தை பார்த்துவிட்டு, “எட்டு லட்சம் செலவு பண்ணி அமெரிக்கா போய் பாத்திரம் கழுவக் கத்துக்கிட்டு வந்திருக்கான்” என்று கூடத்தில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அதோடு தட்டைக் கழுவுவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். அம்மா அழைத்து வந்தபோது சொன்ன புகார், “தட்டை ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுறான்” என்பது.

அதனால் நான் முதலில் சொல்வது, அவளுக்கு வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். பெண் பிள்ளை வேலை பழக வேண்டும் என்கிற பழைய பாட்டை நான் பாடவில்லை. பையனாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். ஒரு பொறுப்பை முழுதாக அவள் கையில் விடுங்கள். வாரத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாடு அவளுடையது என்று வையுங்கள், ஞாயிறு நல்லது. சாமான் வாங்குவதிலிருந்து அடுப்படியைத் துடைப்பது வரை அவள்தான். ஸ்வாபியர்கள் உருளைக்கிழங்கு சாலடில் மயோனைஸ் சேர்க்க மாட்டார்கள், வேகவைத்த கிழங்கில் சூடான சூப்புத் தண்ணீரும் வினிகரும் ஊற்றிக் கலப்பார்கள். அதைச் செய்யச் சொல்லுங்கள். அப்பத்தாவுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. “என்னடி இது, புளிச்சுப்போன கிழங்கு மாதிரி இருக்கு” என்று அவர் சொல்லட்டும். அதற்குப் பேத்தி என்ன பதில் சொல்கிறாளோ, அந்த ராத்திரி அவள் உங்களோடு பேசுவது அதுவாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: அப்பத்தா “அங்க போய் என்னவெல்லாம் சாப்பிட்ட” என்று துருவ ஆரம்பித்தால் நீங்கள் பேச்சை மாற்ற வேண்டும். அந்த விசாரணை இப்போது வேண்டாம்.

அடுத்தது டியூஷன். சைக்கிளிலோ பஸ்ஸிலோ அவளாகவே போய் வர வழி உண்டா என்று பாருங்கள். இங்கே பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்ல நான் துணிய மாட்டேன். நம் சாலைகளில் நானே கண்ணை மூடிக்கொண்டுதான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். பகல் நேர வகுப்புக்கு மட்டும் என்று ஆரம்பிக்கலாம். எந்த வழி, எத்தனை மணி, போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், இவற்றையெல்லாம் அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவளிடம் “முடியாது” என்று சொல்ல வேண்டியிருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். “நம்ம ஊர்ல அப்படித்தான்” என்பது காரணம் இல்லை.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிய மாதிரி “இன்னொன்று” என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த ஒரு வரியை எழுதத்தான் மீதி அத்தனையும் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜெர்மனில் ‘மாமா’ என்றால் அம்மா என்று உங்களுக்கும் தெரியும். தெரிவதால்தான் வலிக்கிறது. பதினாறு வருடம் வளர்த்தவள் இருக்க, சில மாதம் சோறு போட்டவளை அம்மா என்கிறாள். இந்த வலிக்காக வெட்கப்படாதீர்கள். என்னிடம் வருகிற அம்மாக்களில் பாதிப் பேருக்கு இது இருக்கும், வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பாஷை பாதிதான் புரியும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது. அப்போது யாரோ ஒருத்தி கதவைத் தட்டி ஒரு கோப்பை டீயோடு வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் பெண் அவளை அம்மா என்று கூப்பிட்டது, அம்மா என்றால் என்ன என்பது அவளுக்கு உங்களிடம் பழகித் தெரிந்திருந்ததால்தான். நான் இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வீட்டில் அன்பு பழகாத பிள்ளைகள் ஹோஸ்ட் குடும்பத்தோடும் லேசில் ஒட்டுவதில்லை, இது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

அந்தப் பெண்மணியோடு நீங்களே வீடியோ காலில் பேசுங்கள். மகளை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். “என் பெண்ணைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி” என்ற ஒரு வாக்கியம் போதும், அதை அவள் வாயால் ஜெர்மனில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் ஊர்ப்பக்கம்தானே சின்னாளபட்டி, ஒரு சுங்குடிச் சேலை வாங்கிப் பார்சல் அனுப்புங்கள். கட்டிக்கொள்ளத் தெரியாவிட்டால் மேசை விரிப்பாகப் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் மகள் இப்போது இரண்டு வீட்டையும் இரண்டு டப்பாவில் பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றைத் திறக்கும்போது மற்றதை மறைக்கிறாள். நடுராத்திரிப் போனுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெறும் கடிகாரக் கணக்கு. ஜெர்மனியில் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்து எட்டரைக்கு உட்கார்ந்தால் நமக்கு நடுராத்திரி 12. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள், வித்தியாசம் நாலரை மணி ஆகிவிடும். அப்போது அதே எட்டரை நமக்கு ராத்திரி ஒரு மணி. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு இது கட்டுப்படியாகாது. போனைப் பிடுங்காதீர்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே அது மதிய வேளை. கூடத்தில் உட்கார்ந்து பேசட்டும். யாரையாவது காதலிக்கிறாளோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போனைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை அது. பார்த்தது தெரிந்தால் இப்போது பேசுகிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் வீடுகளில் ரூம் கதவு சாத்தியிருப்பது சாதாரணம், கோபத்துக்கு அடையாளம் இல்லை. தட்டிவிட்டு உள்ளே போங்கள். தாழ்ப்பாள் வேண்டாம், தட்டாமல் யாரும் நுழையவும் வேண்டாம் என்று இரு பக்கமும் பேசி வையுங்கள்.

“அங்கேயெல்லாம்...” என்று அவள் ஆரம்பிப்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. கேட்கிற எனக்கும் இருக்கும். ஆனால் அவளிடம் ஒரு வருடக் கதை இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் “ஜெர்மனி எப்படி இருந்துச்சு?” என்பார்கள். அவள் வாயைத் திறந்து இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் “அடுத்து என்ன, நீட்டா, இன்ஜினியரிங்கா?” என்று தாண்டிவிடுவார்கள். சொல்ல முடியாத கதைதான் ஒப்பீடாக வெளியே வருகிறது. நீங்கள் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காலையில் முதலில் என்ன சத்தம் கேட்கும்? பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போவாய், ஒரு தாளில் வரைந்து காட்டு. வகுப்பில் பக்கத்தில் யார்? முதல் தடவை ஜெர்மனில் சண்டை போட்டது யாரோடு? அவள் வரைகிற வழியில் ஒரு பேக்கரி வரும், ஒரு பாலம் வரும், அங்கே நின்று பேசுவாள்.

அதே சமயம் எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். ஊரைக் குறை சொல்லட்டும், குப்பையைக் குறை சொல்லட்டும், அதில் பாதி உண்மைதானே. அப்பத்தாவையோ வீட்டு வேலைக்கு வருகிறவரையோ ஏளனமாகப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஊரில் விருந்தாளியாக இருந்தபோது அவள் யாரையும் அப்படிப் பேசியிருக்க மாட்டாள்.

உங்கள் கணவருக்கு: ஒரு வருடம் வீணாய்ப் போனது என்ற பேச்சை அவள் காதில் விழும்படி சொல்லாதீர்கள், ஐயா. ஜூனியர் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவதே அவளுக்குப் போதுமான தண்டனை. கூடப் படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள், இவளைப் பார்த்தால் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருடத்துக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கோத்தே இன்ஸ்டிட்யூட், நம் நாட்டில் மாக்ஸ் முல்லர் பவன் என்பார்கள், சென்னையில் இருக்கிறது. ஜெர்மன் மொழித் தேர்வு நடத்துகிறார்கள். ஒரு வருடம் அங்கே பள்ளியில் படித்த பிள்ளை பி1 என்கிற நடுத்தர நிலைக்குத் தயாராகவே இருப்பாள், அதற்கு அடுத்த பி2கூட எட்டலாம். வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. அரையாண்டு விடுமுறையை ஒட்டித் தேதி கிடைக்கிறதா என்று பாருங்கள். பேசாமல் விட்டால் பாஷை வேகமாக மறந்துபோகும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த வருடம் உங்கள் பக்கத்திலிருந்து ஜெர்மனி போகிற பிள்ளை யாராவது இருந்தால், இவளையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பரிமாற்றத்தில் போய் வந்த ரோட்டரி மாணவர்களுக்கு ரோடெக்ஸ் என்று தனியாக ஒரு வட்டம் உண்டு, அவர்களில் நாலு பேரோடு பழகினாலே பாதி பாரம் இறங்கும். விளக்கமே சொல்லாமல் பேசிக்கொள்ள முடிகிற ஆட்கள் அவர்கள்.

ஜப்பானில் இப்படித் திரும்பி வருகிற பிள்ளைகளுக்குக் கிகோகு ஷிஜோ என்று பெயரே இருக்கிறது. கம்பெனி வேலைக்காக வெளிநாடு போனவர்களின் பிள்ளைகள். ஒரு காலத்தில் இவர்களைப் பழுது பார்த்துப் பழையபடி ஜப்பானியர்களாக ஆக்க வேண்டும் என்று பார்த்தார்கள். பிற்பாடு பல பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவே தனி வழி வைத்தன. நம்மிடம் அப்படி ஏற்பாடு எதுவும் இல்லாததால் வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டாக்டர் விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போனால், பிடித்த எதையும் தொடாமல் இருந்தால், ஜெர்மன் நண்பர்களோடு பேசுவதைக்கூட நிறுத்திவிட்டால், வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். நடுராத்திரியானாலும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மற்றபடி எத்தனை மாதத்தில் சரியாகும் என்று கேட்டால், அடுத்த ஜூன் வரை பொறுமையாக இருங்கள் என்பேன்.

கடைசியாக அந்தக் கோட்டு. ரோட்டரியில் போகிற பிள்ளைகள் சந்திக்கிற இடத்திலெல்லாம் பின் மாற்றிக்கொள்வார்கள். மெக்சிகோ பிள்ளை ஒன்று கொடுக்கும், தைவான் பிள்ளை ஒன்று கொடுக்கும். வருடம் முடியும்போது கோட்டு இரண்டு கிலோ கனக்கும், நடந்தால் சலங்கை மாதிரிச் சத்தம் வரும். எந்தப் பின் எந்த ஊரில், யார் கையால் குத்தியது என்று அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் அழுக்குக் கோட்டு என்று நினைத்தது அவளுடைய டைரி. தெரிந்து செய்யவில்லை, ஆனால் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவர்கள் கேட்கலாம், தப்பில்லை. சலவையிலிருந்து கோட்டு வந்திருக்கும். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். ஒவ்வொன்றாக நீங்கள் எடுத்துக் கொடுங்கள், அவள் குத்தட்டும். இடம் மறந்துபோனால் அவள் போனில் போட்டோ இருக்கும். சின்னப் பின்கள், பின்னால் இருக்கிற மூடி ஒன்றிரண்டு தொலைந்திருக்கும், டப்பாவின் அடியில் தேடிப் பாருங்கள். தீபாவளிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். அதற்கப்புறம் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள்.